95 கிலோமீட்டரை 250 ஆக்கிய கதை

"ஆக்ஸெர்லருந்து லா ஷாரித்தே வெறும் தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டர்தான் காட்டுது அத்தான். காலைல ஆறு மணிக்கு மிதிச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்க இருக்கலாம். நீங்க ஏன் அஞ்சு நாள் போட்டிருக்கீங்க?"

மைத்துனன் சென்னையிலிருந்து வாட்ஸப்பில் அனுப்பிய குரல் பதிவு இது. மே மாதப் பிற்பாதியில் விடுப்பு போட்டுவிட்டு பாரிஸ் வருகிறான். இரண்டு பேரும் சைக்கிளில் போவதாக ஏற்பாடு. வழியைத் தீர்மானிக்கும் வேலை என் தலையில்.

முதலில் அவனுடைய உச்சரிப்பைத் திருத்தினேன். அந்த ஊரின் பெயரை எழுத்தைப் பார்த்து 'ஆக்ஸெர்' என்று படித்தால் டிக்கெட் கவுண்டரில் ஒரு புன்னகை கிடைக்கும். ஊர்க்காரர்கள் 'ஓஸேர்' என்கிறார்கள். மற்றபடி அவன் சொன்ன கணக்கில் தப்பில்லை. ஓஸேரிலிருந்து கிளாம்ஸி வழியாக லா ஷாரித்தேக்கு 'என் 151' (N 151) என்ற தேசிய நெடுஞ்சாலை கிட்டத்தட்ட நேராகப் போகிறது. 100 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

அவன் 'பிரெவே' ஓட்டுகிறவன். 200, 300, 400, 600 கிலோமீட்டரைக் குறித்த நேரத்துக்குள் முடித்து அட்டையில் முத்திரை வாங்கும் கூட்டம். உலகம் முழுக்க அந்த ஓட்டங்களைப் பதிவு செய்வது பாரிஸில் இருக்கும் ஓடாக்ஸ் கிளப் பாரிஸியன். அதன் பெரிய திருவிழா, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர். 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். 2027இல் அதில் இறங்குவது அவன் கனவு. அப்படிப்பட்டவனிடம் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் என்றால் கேலியாகத்தான் இருக்கும்.

'என் 151'இல் சைக்கிள் ஓட்டச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சரக்கு லாரிகள் அதை நம்பி வாழ்கின்றன. ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பிரான்ஸின் விதி. இருவழிச் சாலையில் எதிரே இன்னொரு லாரி வரும்போது அந்த ஒன்றரை மீட்டர் எங்கிருந்து வரும் என்று யாராவது எனக்குச் சொன்னால் நல்லது.

இதையெல்லாம் விளக்கிப் பதில் அனுப்பினேன். "நம்ம ஜிஎஸ்டி ரோட்டை விடவா?" என்று ஒரே வரியில் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் மூன்று வருடம் முன்பு நானும் அவனைப் போலத்தான் யோசித்தேன். தனியாக ஒரு பயணம் போட்டேன். எக்செலில் ஒரு அட்டவணை: நாள், ஊர், தூரம். நாளுக்கு 110 கிலோமீட்டர். வழியைக் கைப்பேசிச் செயலி ஒன்று போட்டுத் தந்தது. இரண்டாம் நாள் அது என்னை நெடுஞ்சாலையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக் கோதுமை வயல் நடுவே ஒரு டிராக்டர் தடத்தில் இறக்கியது. முந்தின இரவு மழை. அந்தப் பக்கத்துக் களிமண் தோசை மாவு மாதிரி. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே போய் அடைத்துக்கொண்டது. வண்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன்.

ஊர் வந்தபோது பன்னிரண்டரை மணி. திங்கட்கிழமை. ரொட்டிக்கடை அடைப்பு. மளிகைக்கடை அடைப்பு. ஒரே ஒரு காபிக்கடை, அதுவும் அடைப்பு. பஸ் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்து மீதமிருந்த நாலு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, முழங்கால் வலியோடு நெவேர் வரை போய் ரயில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அட்டவணையில் இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது.

எங்கள் எதிர்வீட்டு மதாம் அந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எண்பதை நெருங்குகிறவர். கணவர் இருந்த காலத்தில் இருவருமாகப் பிரான்ஸ் முழுக்கச் சைக்கிளில் சுற்றியவர்கள். பிரெஞ்சு சைக்கிள் சுற்றுலாக் கூட்டமைப்பு நடத்தும் ஒரு பழைய விளையாட்டு உண்டு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆறு ஊர்கள் குறித்திருப்பார்கள். அங்கே சைக்கிளில் போய், ரொட்டிக்கடையிலோ காபிக்கடையிலோ அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். காலக்கெடு கிடையாது. ஆயுள் முழுக்க எடுத்துக்கொள்ளலாம். மதாமிடம் அந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன.

"நீங்கள் கோடு போட்டிருக்கிறீர்கள், நாளைப் போடவில்லை" என்றார் அன்றைக்கு.

இந்தமுறை முதல் வேலையாக அவர் வீட்டுச் சமையலறை மேசைக்குத்தான் போனேன். மஞ்சள் அட்டை போட்ட பழைய மிஷெலின் வரைபடங்களை எடுத்து விரித்தார். ஒரு சென்டிமீட்டர் இரண்டு கிலோமீட்டர். மடிப்புகள் கிழிந்து செலோடேப் ஒட்டியது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். 1984ஆம் வருடத்துப் பதிப்பு.

அந்த வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். சிவப்புச் சாலை பெரியது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னது. சைக்கிள்காரன் தேட வேண்டியது வெள்ளை. சாலை ஓரமாகப் பச்சைக்கோடு ஓடினால் காட்சி நன்றாக இருக்கும் என்று அர்த்தம், ஆனால் அதைக் கார்காரர்களும் பார்த்திருப்பார்கள். சாலைமேல் சின்ன அம்புத்தலை ஒன்று இருந்தால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு இருந்தால் 9 முதல் 13, மூன்று இருந்தால் அதற்கும் மேல். அம்பு காட்டுவது ஏறும் திசையை. நாம் போகும் திசையில் மூன்று அம்பு இருந்தால் மூட்டையோடு தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

பழைய வரைபடத்தில் இல்லாத ஒரு சூட்சுமம் சாலை எண்களில் இருக்கிறது. 'டி' என்று தொடங்குபவை மாவட்டச் சாலைகள், பொதுவாகச் சைக்கிளுக்கு உகந்தவை. ஆனால் 2006ஐ ஒட்டி அரசு ஏராளமான தேசிய நெடுஞ்சாலைகளை மாவட்டங்கள் கையில் ஒப்படைத்தது. அவற்றில் பல, பழைய எண்ணுக்கு முன்னால் ஒரு 9ஐச் சேர்த்துக்கொண்டு 'டி' ஆகிவிட்டன. ஆகவே டி 23 என்றால் பசுமாடு, டி 900-சொச்சம் என்றால் பெரும்பாலும் லாரி. எல்லா மாவட்டத்துக்கும் பொருந்தாது. ஆனால் எனக்கு இதுவரை பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஏற்றத்தைப் பொறுத்தவரை இன்னொன்று. ஆற்றோடு போகும் சாலை லேசு. ஆறுகளைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலை உயிரை எடுக்கும். ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். எண்பது மீட்டர்தான், ஆனால் ஒரு நாளில் பத்து தடவை. தேசிய நிலவரைவு நிறுவனமான ஐஜிஎன் போடும் ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் வரைபடத்தில் பழுப்பு நிற உயரக்கோடுகள் வழியை எத்தனை முறை வெட்டுகின்றன என்று விரலால் எண்ணிப் பார்த்தாலே நாளின் கனம் தெரிந்துவிடும். மைத்துனன் எண்ணாத கணக்கு இதுதான். 'என் 151' இரண்டு ஆற்றுப் படுகைகளுக்கு நடுவேயுள்ள மேட்டைக் குறுக்கே தாண்டுகிறது.

ஆற்றோடு போவது என்று முடிவானதும் வழி தானாக வந்து நின்றது: நிவர்னே கால்வாய். ஓஸேரில் யோன் நதிக்கரையில் தொடங்கி 174 கிலோமீட்டர் தெற்கே போய், தெஸீஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் லுவார் நதியைத் தொடுகிறது. அந்தக் காலத்தில் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு குதிரைகள் நடந்த கரையில் இப்போது பெரும்பாலும் சைக்கிள் பாதை. ஓஸேர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர், கால்வாயின் உச்சி சுமார் 260 மீட்டர். இந்த 160 மீட்டரை ஏற நமக்கு நூறு கிலோமீட்டர் அவகாசம் தருகிறார்கள். ஏற்றம் இருப்பதே தெரியாது. படகை ஏற்றி இறக்கும் ஒவ்வொரு மதகிலும் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். மதகுகள் நூற்றுக்கும் மேல். ஸார்தி என்ற ஊர் அருகே மட்டும் மூன்று கிலோமீட்டருக்குள் 16 மதகுகள், படிக்கட்டு மாதிரி. மதகைக் கையால் சுற்றித் திறக்கும் ஊழியர்களும் மத்தியானம் சாப்பிடப் போய்விடுவார்கள், படகு காத்திருக்கும்.

இந்தக் கால்வாய் வந்த காரணம் பாரிஸின் அடுப்பு. 16ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றியிருந்த காடுகள் குளிர்காய்வதற்கே தீர்ந்துகொண்டிருந்தன. மோர்வான் மலைக்காட்டில் விறகு வெட்டி, ஒவ்வொரு கட்டையின் முனையிலும் வியாபாரியின் முத்திரையைச் சுத்தியலால் அடித்து, ஓடைகளில் தள்ளிவிடுவார்கள். அது மிதந்து கிளாம்ஸி பக்கம் வந்து சேரும். முத்திரை பார்த்துப் பிரித்து, நீளமான தெப்பங்களாகக் கட்டி, யோன் நதி வழியாக ஸேன் நதிக்குக் கொண்டுபோய்ப் பாரிஸில் கரையேற்றுவார்கள். தெப்பம் ஓட்டிப் போனவர்கள் ஊருக்கு நடந்தே திரும்புவார்கள். விறகு இன்னும் வேண்டும் என்று 1784இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் முழுமையாகத் திறந்தபோது 1840கள் ஆகிவிட்டன. அதற்குள் நிலக்கரி வந்துவிட்டது. கட்டி முடிக்கும்போதே பழசாகிப்போன ஒன்றை இன்றைக்குச் சைக்கிள்காரர்களும் வாடகைப் படகுக்காரர்களும் அனுபவிக்கிறோம்.

கிளாம்ஸி பாலத்தில் தெப்பக்காரன் ஒருவனுக்குச் சிலை இருக்கிறது. அந்தப் பாலத்துக்குப் பெயர் பெத்லகேம். சிலுவைப் போருக்குப் பின் பெத்லகேமில் இருக்க முடியாமல் போன ஆயர்கள் பிரெஞ்சுப் புரட்சி வரைக்கும் இந்தச் சின்ன ஊரில்தான் பட்டத்தோடு குடியிருந்தார்கள். ரொமேன் ரோலான் 1866இல் பிறந்ததும் கிளாம்ஸியில். 1915ஆம் ஆண்டுக்கான நோபல் வாங்கியவர். காந்தி, ராமகிருஷ்ணர், விவேகானந்தர் மூவரின் வாழ்க்கையையும் பிரெஞ்சில் எழுதியவர். கடைசிக் காலத்தைக் கழித்து 1944இல் இறந்தது பக்கத்திலிருக்கும் வெஸ்லேயில். நம் ஆட்களைப் பற்றி உட்கார்ந்து எழுதிய மனிதரின் தெருவில் சைக்கிளை நிறுத்தாமல் போகலாமா? இதை மைத்துனனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் காட்டினான்.

இனி நாளைப் போடும் வேலை.

மதாம் சொல்லிக் கொடுத்த முறை நேர் எதிரானது. தூரத்தில் தொடங்கக் கூடாது, ரொட்டியில் தொடங்க வேண்டும். வழியிலுள்ள ஊர்களில் எதில் ரொட்டிக்கடை இருக்கிறது, எந்தக் கிழமை அடைப்பு என்று முதலில் எழுத வேண்டும். பிரான்ஸில் கிட்டத்தட்ட 35,000 ஊராட்சிகள். ஒரு மாதா கோயில், ஒரு போர் நினைவுத் தூண், ஒரு ஊராட்சி அலுவலகம் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இருக்கும். கடை இருக்கும் என்று மட்டும் நம்பவே கூடாது. மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு, சில ஊரில் மூன்று வரை எல்லாம் மூடிக் கிடக்கும். ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகும் திங்கட்கிழமையும் சோமவார விரதம் என்று வைத்துக்கொள்வது உத்தமம். ஆகவே பதினொன்றரைக்குள் ரொட்டி வாங்கிப் பையில் செருகியாக வேண்டும். ஞாயிறு இரவும் திங்கட்கிழமையும் கொஞ்சம் பெரிய ஊரில் இருக்கும்படி மற்ற நாட்களை நகர்த்த வேண்டும். எங்கள் கணக்கில் திங்கட்கிழமை கிளாம்ஸியில் விழும்படி செய்யவே கிளம்பும் நாளைச் சனிக்கிழமை ஆக்கினேன்.

மே மாதத்துக்கென்று தனித் தொல்லை உண்டு. 1ஆம் தேதி விடுமுறை, 8ஆம் தேதி விடுமுறை, இயேசு விண்ணேறிய திருநாள் எப்போதும் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையையும் சேர்த்து எடுத்து அதைப் 'பாலம்' என்பார்கள். பாலம் போட்ட வாரத்தில் கூடார முகாம்களில் இடம் இருக்காது, ஆனால் கடைகள் பூட்டியிருக்கும். மே 11, 12, 13 மூன்று நாளும் 'பனிப் புனிதர்கள்' நாள்; அதுவரை உறைபனி வரலாம் என்பது தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. ஓஸேருக்குப் பக்கத்தில்தான் ஷாப்லி. அங்கே வசந்த இரவுகளில் திராட்சைத் துளிர் கருகாமல் இருக்கக் கொடிகளுக்கு நடுவே வரிசையாகத் தீச்சட்டி ஏற்றி வைப்பார்கள். துளிருக்கே அந்தக் கதி என்றால் கூடாரத்துக்குள் படுக்கப் போகும் சென்னைக்காரன் கதி என்ன? ஆகவே மே 20க்குப் பிறகு.

சாப்பாட்டில் நான் கொஞ்சம் சொந்த ஏற்பாடும் வைத்திருக்கிறேன். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போய்ப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் வாங்கியாகிவிட்டது. சூடான பகேத் ரொட்டியை நீளவாக்கில் பிளந்து, வெண்ணெய் தடவி, பருப்புப்பொடி தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள். மதாம் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இன்னொரு துண்டு கேட்டார்.

தண்ணீருக்குக் கல்லறைத் தோட்டம். இதைச் சொன்னபோது மைத்துனன் உண்மையிலேயே பதறிவிட்டான்.

"சுடுகாட்டுத் தண்ணியையா குடிக்கச் சொல்றீங்க?"

பிரெஞ்சுக் கிராமத்தில் கடையில்லாமல் இருக்கலாம், கல்லறைத் தோட்டம் இல்லாமல் இருக்காது. பூச்செடிக்கு ஊற்ற அங்கே ஒரு குழாய் இருக்கும். பெரும்பாலும் ஊருக்குள் வரும் அதே தண்ணீர்தான். 'குடிக்க உகந்ததல்ல' என்று பலகை இருந்தால் மட்டும் விட்டுவிட வேண்டும். இங்கே நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் புட்டியை நிரப்புகிறார்கள். உங்கள் பாரிஸ்-பிரெஸ்ட் வீரர்களும்தான் என்றேன். அதன்பிறகு கொஞ்சம் அடங்கினான். ஆனால் அக்காவிடம் புகார் போயிருக்கிறது.

அடுத்தது ரயில். இதை ஏறுவதற்காக மட்டும் பார்க்கக் கூடாது, தப்பிப்பதற்காகவும் பார்க்க வேண்டும். முழங்கால் போனால், மூன்று நாள் விடாமல் மழை பெய்தால், எங்கே ஏறி வீட்டுக்கு வரலாம்? பாரிஸ்-பெர்ஸி நிலையத்திலிருந்து ஓஸேருக்குப் பிராந்திய ரயில் போகிறது. சிலது நேராக, மற்றவை லாரோஷ்-மிஜென்னில் மாறி. ஓஸேரிலிருந்து கிளாம்ஸி வரை தண்டவாளம் கால்வாய்க்குப் பக்கத்திலேயே வருகிறது. தெஸீஸிலும் நிலையம் உண்டு. நெவேரிலிருந்து லா ஷாரித்தே, கோஸ்ன், பிரியார், ஜியான் என்று லுவார் கரையோரமாகவே பாரிஸ் ரயில். ஆனால் கிளாம்ஸிக்குத் தெற்கே, கால்வாயின் உச்சியைத் தாண்டி ஸெர்ஸி-லா-தூர் வரும்வரை நான் நம்பிப் போகக்கூடிய ரயில் இல்லை. ஏறத்தாழ இரண்டு நாள். கடைகளும் அங்கேதான் மிகக் குறைவு. அந்த இரண்டு நாளும் 50 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். தூரம் அதிகமென்று யாரும் அங்கே கஷ்டப்படுவதில்லை. ஏதாவது ஆனால் சரிசெய்ய நேரம் வேண்டும், அதற்காகத்தான்.

அதிவேக ரயிலில் சைக்கிள் ஏற்றுவது தனிப் புராணம். சில வண்டிகளில் முன்பதிவு செய்த கொக்கி கிடைக்கும், மற்றவற்றில் சக்கரத்தைக் கழற்றி உறையில் போட வேண்டும். பிராந்திய ரயில்களில் பொதுவாக அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம், ஆனால் கோடையில் சில பிராந்தியங்கள் சைக்கிளுக்கும் பதிவு கேட்கின்றன. விதி வருடத்துக்கு ஒன்றாக மாறுவதால் கிளம்புவதற்கு முந்தின வாரம் இன்னொரு முறை பார்ப்பேன்.

பிறகு காற்று. பிரான்ஸின் லுவார் சைக்கிள் பாதை மிகப் பெயர்போனது. நெவேருக்குப் பக்கத்தில் தொடங்கி அட்லாண்டிக் கடல்வரை ஏறக்குறைய 900 கிலோமீட்டர். ஷாம்போர், ஆம்புவாஸ், வில்லாந்த்ரி என்று கோட்டைகளும் அரண்மனைகளும் கரை நெடுக. எல்லோரும் ஆறு ஓடும் திசையிலேயே போவது சுலபம் என்று நினைப்பார்கள். ஆற்றின் சரிவு சைக்கிளுக்குத் தெரியவே தெரியாது. தெரிவது காற்று, அது பெரும்பாலும் கடலிலிருந்து, மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். பக்கவாட்டுப் பைகளோடு எதிர்காற்றில் மிதிப்பது உட்கார்ந்த இடத்தில் மலை ஏறுவதற்குச் சமம்.

வரைபடத்தில் லுவாரைக் கவனித்துப் பாருங்கள். நெவேரிலிருந்து வடக்கு நோக்கி வரும் நதி, பிரியார் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, ஓர்லேயானில் வளைந்து தென்மேற்காகத் திரும்புகிறது. அதாவது நெவேரிலிருந்து ஓர்லேயான் பக்கம் வரும்வரை தென்மேற்குக் காற்று முதுகிலோ இடது தோளிலோ இருக்கும். ஓர்லேயானுக்குப் பிறகு முகத்தில். ஆகவே நாங்கள் ஓர்லேயானில் நிறுத்திக்கொண்டு ரயில் ஏறுகிறோம். பேர்போன அரண்மனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. வீட்டில் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள். "ஷாம்போர் பாக்காம வர்றதுக்கு எதுக்கு லுவாருக்குப் போறீங்க?" என்றாள் மனைவி. அதை ரயிலில் போய் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம். காற்றை அப்படித் தனியாகத் தவணையில் வாங்க முடியாது.

அரண்மனை இல்லாத இந்த மேல் லுவாரில் பார்ப்பதற்குக் குறைவில்லை. நெவேரில் லூர்து மாதாவைக் கண்ட பெர்னதெத்தின் உடல் இருக்கிறது; வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோக ஒரு மெழுகுவர்த்தி வாங்கி வரச் சொல்லி எனக்கு உத்தரவு. சான்ஸேர் என்ற ஊர் குன்றின்மேல் இருக்கிறது, வரைபடத்தில் அம்பு இருக்கிறது, அதை மைத்துனன் தனியாக ஏறட்டும், நான் கீழே ஷாவிஞோல் ஆட்டுப்பாலாடைக்கட்டியோடு காத்திருப்பேன். பிரியாரில் நதிக்குமேல் கால்வாய் போகிறது: 662 மீட்டர் நீளமுள்ள எஃகுத் தொட்டிப் பாலம், 1896இல் திறந்தது, கீழே லுவார், மேலே படகு. 2003இல் ஜெர்மனியில் மக்டெபுர்க்கில் இன்னொன்று கட்டும்வரை படகு போகும் பாலங்களில் இதுதான் மிக நீளமாக இருந்தது. சுற்றுலாப் பிரசுரங்களில் வராத காட்சியும் உண்டு. பெல்வில்லிலும் தாம்பியேரிலும் அணுமின் நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்கள். பாதையிலிருந்து மணிக்கணக்காகக் கண்ணில் படும். நாம் எவ்வளவு மெதுவாகப் போகிறோம் என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

கூட்டிப் பார்த்தால் ஓஸேரிலிருந்து லா ஷாரித்தே வரை 250 கிலோமீட்டர் சொச்சம் வந்தது. அங்கிருந்து ஓர்லேயானுக்கு இன்னொரு 160. எட்டு நாள்.

மிச்சமிருந்தது வெஸ்லே. குன்றின்மேல் மரிய மதலேனாள் பெருங்கோயில். 1146இல் புனித பெர்னார்து இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பிரசங்கம் செய்த இடம், ஸ்பெயினிலுள்ள கம்போஸ்தெலாவுக்குப் போகும் யாத்திரைப் பாதைகளில் ஒன்று தொடங்கும் இடம். கால்வாயிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் கிழக்கே விலகிப் போக வேண்டும், ஏற வேண்டும், திரும்பி வர வேண்டும். தட்டையாகப் போகும் கால்வாயில் இரண்டு நாள் ஓட்டினால் எல்லா மரமும் ஒரே மரமாகத் தெரியத் தொடங்கும். அப்போது ஒரு ஏற்றம் வேண்டியிருக்கும் என்பது என் கட்சி. முழங்கால் என் எதிர்க்கட்சி. அதை மட்டும் பென்சிலில் புள்ளிக்கோடாக விட்டுவைத்தேன்.

மதாம் இந்த இடத்தில் வெலோஸியோவை இழுத்தார். அந்தப் புனைபெயரில் எழுதிய போல் தெ விவி, 1853இல் பிறந்தவர், சேந்தெத்தியேனில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர், பல பற்சக்கர கியருக்காக வாதாடியவர். தூர் தெ பிரான்ஸ் பந்தயம் கியர் மாற்றியை 1937 வரை அனுமதிக்கவில்லை. கியர் கிழவர்களுக்கு என்று ஏளனம் செய்த காலம். அவர் பயணிகளுக்கு ஏழு கட்டளைகள் போட்டார். பசிக்கும் முன்னே சாப்பிடு, தாகத்துக்கு முன்னே குடி என்பது அதில் ஒன்று. வீம்புக்காக மிதிக்காதே என்பது கடைசி. அதை அப்படியே மைத்துனனுக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு அனுப்பவில்லை. அவனுக்காக நான் வாடகைக்குப் பேசியிருக்கும் வண்டியில் முன்னால் மூன்று பற்சக்கரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

போன ஞாயிறு முழு வழியையும் புது வரைபடத்தில் வரைந்து எடுத்துக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஓஸேரிலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். கிளாம்ஸியில் தலையாட்டினார். ஸார்தி மதகுகளைத் தாண்டியதும் விரல் நின்றது.

அங்கே கால்வாய் மலைக்குள் நுழைகிறது. அடுத்தடுத்து மூன்று சுரங்கங்கள், பெரியது 758 மீட்டர். படகுக்குத்தான் வழி, சைக்கிள் மேலே ஏறிக் காட்டுக்குள் சுற்றி இறங்க வேண்டும். நான் ஒரு வெள்ளைச் சாலையைப் பிடித்திருந்தேன். குட்டையானது, ஒரே அம்பு, ஒரு பண்ணையை ஒட்டிப் போவது. என் சாமர்த்தியத்தில் எனக்கே ஒரு பெருமை.

மதாம் எழுந்துபோய்ப் பழைய வரைபடத்தைக் கொண்டுவந்து அந்த இடத்தைக் காட்டினார். பண்ணைக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரே ஒரு சொல், அடியில் இரண்டு கோடு: நாய்.

"மதாம், இது 1984. அந்த நாய் செத்து முப்பது வருடமாவது இருக்கும்."

"நாய் செத்திருக்கும். பண்ணைக்காரர் வேறு நாய் வளர்த்திருப்பார்."

அழிப்பானை எடுத்து என்னிடம் நீட்டினார். அழித்துவிட்டு, குளங்களின் பக்கமாகச் சுற்றிப் போகும் வழியை வரைந்தேன். இரண்டரைக் கிலோமீட்டர் கூடுதல்.

இதை மைத்துனனிடம் இன்னும் சொல்லவில்லை.